சனிக்கிழமை அடித்த ஞாயிற்றுக்கிழமை மணி

இதை வாசிக்கிற உங்கள் எல்லோருக்கும் தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரியின் ஸ்தோத்திரம். எனக்கு மேடை ஏறிப் பேசி வழக்கமில்லை. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன், மற்ற நாளில் வீட்டில் தையல் மிஷினை மிதிப்பேன். ஆனாலும் ஆண்டவர் என் வீட்டுக்குச் செய்ததை எழுதாமல் இருந்தால் எனக்கே மனசு கேட்காது.

"என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது." ஊர் முழுக்கக் கோயில் முற்றத்தில் நிற்கும்போது நான் இப்படிச் சொல்ல வேண்டி வந்தது. மழை கொட்டுகிறது. இருட்டிக்கொண்டு வருகிறது. போன வருஷம் ஐப்பசி மாதம், அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் வந்த ஒரு சனிக்கிழமை அது.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெபசிங். எங்கள் சபைக்குச் செயலர். ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. ஆராதனைக்குப் பிந்தி வருகிறவர்களை வாசலில் நின்று கண்ணாலேயே சுட்டுவிடுவார். பொய் சொல்ல மாட்டார், யாருக்கும் பயப்பட மாட்டார். யார் மனசு நோகும் என்றும் பார்க்க மாட்டார். அவரோடு குடும்பம் நடத்துகிறவள் நான், அதனால் தைரியமாகவே எழுதுகிறேன். எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "உள்ளதத்தானே எழுதியிருக்க, அனுப்பு" என்றார்.

அடுத்தவர் ஞானமுத்து. எங்கள் கோயில்பிள்ளை. கோயிலைத் திறந்து பெருக்கி, பெஞ்சு துடைத்து, மணி அடிக்கிறவர். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீட்டில்தான் மனைவியோடும் மகளோடும் குடியிருக்கிறார். நல்ல மனுஷன். குரலும் நல்ல குரல். ஆனால் குடி. மணி பிந்தும், சில நாள் மணியே இருக்காது. ஒரு கல்யாணத்துக்குக் கோயில் சாவியோடு காணாமல் போய், மாப்பிள்ளை வீட்டாரைச் செருப்புக் காலோடு முற்றத்தில் நிற்க வைத்தார். அதன் பிறகுதான் கமிட்டி கூடியது. என் வீட்டுக்காரர் அவரைப் பலிபீடத்துக்கு முன்னால் நிறுத்தி, "இன்னொரு தடவை குடிச்சா நீயே சாவியைத் தந்துட்டு வீட்டைக் காலி பண்ணணும். சம்மதமா?" என்று கேட்டார். ஞானமுத்து அழுதுகொண்டே சம்மதம் சொன்னார். அது நடந்து அதிக நாள் ஆகவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். காலையிலிருந்தே மழை. சபைக் காரியமாக நாகர்கோவிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போனைச் சார்ஜில் போட்டவர் எடுக்க மறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கரண்டும் போய்விட்டது. அலமாரியில் இருக்கிற போனைப் பார்த்து, "ஊரையே திருத்துகிற ஆளுக்குத் தன் போனைப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லை" என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டு தைக்க உட்கார்ந்தேன். சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். கவலையே இல்லை.

நாள் சாய்கிற நேரம். திடீரென்று கோயில் மணி அடித்தது.

எங்கள் ஊரில் மணிக்கு ஒரு பாஷை உண்டு. யாராவது இறந்தால் ஒவ்வொன்றாக, விட்டு விட்டு அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம் முதல் மணி, அது நிறுத்தாமல் நீளமாக அடிக்கும். ஆராதனைக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாம் மணி. சனிக்கிழமை சாயங்காலம் மணியே கிடையாது. அன்றைக்கு அடித்ததோ நீள மணி, நிற்கவே இல்லை. துக்கமும் இல்லை, ஆராதனையும் இல்லை. அப்படியானால் என்ன? இந்த மழையில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்றுதான் தோன்றும். குளம் உடைந்துவிட்டது!

அவ்வளவுதான். கதவை அடைத்துக்கொண்டு கிடந்த ஊர் மொத்தமும் வெளியே வந்தது. ஆண்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் கயிறும் டார்ச்சுமாக ஓடி வந்தார்கள். மணி எங்கள் கோயில் மணிதான், ஆனால் வெள்ளம் சபை பார்த்து வராது. அடுத்த தெருவில் இருக்கிற சுயம்பு அண்ணன் அய்யா வழிக்காரர், நெற்றியில் வெள்ளை நாமத்தோடு, தோளில் கிணற்று வடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். நான் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன்.

மணிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது ஞானமுத்து.

"லே ஞானமுத்து, எங்கல உடைஞ்சது?"

"என்ன உடைஞ்சது?"

"குளம்ல! எதுக்கு மணி அடிச்ச?"

அவர் எல்லோர் கையிலும் இருந்த மண்வெட்டிகளைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "நாயித்துக்கெழம முதல் மணி..." என்றார்.

மத்தியானம் படுத்துத் தூங்கியிருக்கிறார். மனைவியும் மகளும் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்கள், எழுப்ப ஆளில்லை. கண் விழித்துப் பார்த்தால் வானம் சாம்பல் நிறமாக இருக்கிறது, கரண்டு இல்லை, போன் செத்துக் கிடக்கிறது. விடிந்துவிட்டது, மணி பிந்திவிட்டது, செயலர் கொன்றுவிடுவார் என்று பதறி ஓடிவந்து கயிற்றைப் பிடித்திருக்கிறார். சாயங்காலத்தை விடியற்காலை என்று நினைத்து, சனிக்கிழமையிலேயே ஞாயிற்றுக்கிழமை மணியை அடித்துவிட்டார்.

சிலர் சிரித்தார்கள். பலருக்குக் கோபம். நனைந்த கோபம் சாதாரணக் கோபம் மாதிரி இருக்காது. ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து, "குடிச்சிருக்கியால?" என்று கேட்டார்.

"இல்ல. சத்தியமா இல்ல. தூங்கிட்டேன், அவ்வளவுதான்."

வாடை எங்களுக்கு வராமல் இல்லை. ஆனால் அதற்குள் யாரோ, "செயலரு எங்க? இந்தக் கூத்தை அவருல்லா பாக்கணும்" என்றார்கள். ஊரில் எல்லோரும் நிற்கிறார்கள், அவரைத் தவிர. நான், "நாகர்கோவிலுக்குப் போயிருக்காரு, கடைசி பஸ்ஸுல வருவாரு" என்றேன்.

டீக்கடைக்காரர் தங்கையன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்த பஸ்ஸுல, அக்கா? காலையிலேயே ரோட்டுல வெள்ளம் ஏறியாச்சு. இன்னைக்கு ஒரு பஸ்ஸும் போகல. அண்ணாச்சி என் கடையில வந்து விசாரிச்சிட்டுத் திரும்பிப் போனாரே. வீட்டுக்கு வரலியா?"

வரவில்லை. காலையில் திரும்பிப் போன மனுஷன் வீட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் நான் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"எங்க போனாரு?" என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். அப்போதுதான் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ஆளாளுக்கு ஒரு திசை சொன்னார்கள். குளக்கரை என்றார் ஒருவர். போதகர் வீடு என்றார் இன்னொருவர். போதகரோ பக்கத்தில்தான் நனைந்துகொண்டு நின்றார். எந்தப் பக்கம் போய்த் தேடுவது? இருட்டு வேறு ஏறிக்கொண்டிருந்தது.

நான் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நீளமாக ஜெபிக்கத் தெரியும். பெண்கள் கூட்டத்தில் ஜெபத்தை முடிக்க மாட்டேன் என்று என்னைக் கிண்டல் செய்வார்கள். அன்றைக்கு எனக்கு வார்த்தையே வரவில்லை. "ஆண்டவரே, யாருக்காவது தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சவங்க வாயைத் திறந்துவிடும்" என்று மட்டும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அதற்கு மேல் அழுகைதான்.

சட்டையைப் பிடித்திருந்தவர் விட்டுவிட்டார். எல்லோரும் ஞானமுத்துவை மறந்துவிட்டார்கள். அவர் நினைத்திருந்தால் மெல்ல வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் என் முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, அண்ணாச்சி சானலுக்கு அந்தப் பக்கம் போனாரு. உங்க விளைக்கு. நான் பாத்தேன்."

எங்கள் வாழைத்தோட்டத்தைத்தான் விளை என்றார். சானல் என்பது வயலுக்குத் தண்ணீர் போகிற கால்வாய். அதைத் தாண்டினால்தான் எங்கள் விளை.

"நீ எங்கல பாத்த?" என்று தங்கையன் கேட்டார்.

"சானல் கரையில."

"மழைக்குள்ள உனக்கு அங்க என்ன சோலி?"

ஞானமுத்து கொஞ்ச நேரம் கோயில் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம்தான் சொன்னார். "குடிச்சிட்டு வந்தேன், அக்கா. ரோட்டு வழியா வந்தா அண்ணாச்சி பாத்திருவாருன்னு கரை வழியா வந்தேன். பாத்தா அவரே எதிர வாறாரு. வாழைக்குள்ள ஒளிஞ்சுகிட்டேன். தென்னந்தடிப் பாலத்துல ஏறி அந்தப் பக்கம் போனாரு. திரும்பி வந்ததை நான் பாக்கல."

அந்த ஒரு பேச்சில் அவருக்கு வேலை போகும், குடியிருக்கிற வீடும் போகும். அது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சொல்லி முடித்தவுடன் யாருக்கும் காத்திருக்காமல் சானலைப் பார்த்து ஓடினார். ஊர் அவர் பின்னால் ஓடியது. மண்வெட்டி, கடப்பாரை, கயிறு, டார்ச் எல்லாம் கையில்தான் இருந்தன. எடுக்க வீட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

நடந்தது இதுதான். பஸ் இல்லை என்றதும் என் வீட்டுக்காரர் குலை தள்ளிய செந்துளுவன் வாழைகளுக்கு முட்டுக் கொடுக்க விளைக்குப் போயிருக்கிறார். வேலை முடிந்து திரும்பும்போது கரை அரித்துப் பாலத்துத் தென்னந்தடி ஒன்று உருண்டுவிட்டது. அவரும் விழுந்தார். தடிக்கும் கரைக் கல்லுக்கும் நடுவில் ஒரு கால் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்தது. கையெட்டிய தாழம்புதரைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இடுப்பளவு இருந்த தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது.

நாங்கள் போகும்போது டார்ச் வெளிச்சத்தில் அவர் தலையும் வெள்ளைச் சட்டையின் தோளும்தான் தெரிந்தன. நான் கத்தியது சானலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். சுயம்பு அண்ணன் கிணற்று வடத்தின் ஒரு முனையைத் தென்னையில் கட்டி, மறு முனையை ஞானமுத்துவின் இடுப்பில் கட்டினார். ஞானமுத்து இறங்கி, இழுப்பில் தடுமாறி, போய் அவரைக் கட்டிப்பிடித்தார். அவர் தலை முங்கிவிடாமல் தன் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் இறங்கிக் கரையை வெட்டி, கடப்பாரை போட்டுத் தடியை நெம்பினார்கள். என் வீட்டுக்காரருக்கு வாய் கோணியிருந்தது, குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவர் ஞானமுத்துவிடம் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா?

"மணி எதுக்குல அடிச்ச?"

"தெரியாம அடிச்சிட்டேன், அண்ணாச்சி."

கரையில் நின்ற எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

பிறகு ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் சொன்னார். "ஏட்டி சுகந்தி, இனி முடியாதுன்னு கையை விடப் போனேன். ஆண்டவரே, ஒரு மனுஷனை அனுப்பும்னு கேட்டேன். அப்பதான் மணிச் சத்தம் கேட்டுது. எனக்கு வந்துது பாரு ஒரு கோவம்! இந்த நேரத்துல மணி அடிக்கானே, குடிகாரப் பய, நாளைக்கே இவனை வெளிய அனுப்பணும், அதுக்காவது கரை ஏறணும்னு புதரை இன்னும் இறுக்கிப் பிடிச்சேன்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆண்டவர் என் கோவத்தையும் கயிறாக்கிட்டாரு, பாத்தியா" என்றார்.

மறுநாள் காலையில் சுயம்பு அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் பிடித்திருந்த தாழம்புதர் இருந்த இடமே தெரியவில்லையாம். முழுக்கத் தண்ணீர். "உங்க சாமி மணி அடிச்சுக் கூப்பிட்டாருன்னுதான் நான் சொல்லுவேன்" என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நான் படியில் உட்கார்ந்து கேட்டதற்கு முன்னாலேயே மணி அடித்துவிட்டது. இதை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நான் கேட்கும்போது ஊர் கூடியாகிவிட்டது, கயிறு வந்தாகிவிட்டது, வழி தெரிந்தவர் என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் வாய் திறப்பதுதான் பாக்கி. என் ஆண்டவர் அதையும் திறந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஞானமுத்து வந்தார். கோயில் சாவியைக் கட்டிலில் வைத்தார். என் வீட்டுக்காரர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எதுக்கு எங்கிட்ட தாற? காலை ஒடிச்சுகிட்டுக் கெடக்கவன் போய் மணி அடிக்க முடியுமா? நாளைக்கு ஆராதனை உண்டுல்லா, கொண்டு போ" என்று அவர் கையிலேயே வைத்தார். கமிட்டியில் இதற்குச் சலசலப்பு இருந்தது. இவர் கட்டிலில் படுத்தபடியே போனில் எல்லோரிடமும் பேசிச் சரிக்கட்டினார். என் வீட்டுக்காரர் ஒருவருக்காகப் பரிந்து பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இத்தோடு நிறுத்தினால் சாட்சி அழகாக இருக்கும். ஆனால் நடந்தது முழுவதையும் சொல்ல வேண்டும்.

மழையால் தள்ளிப்போன அறுப்பின் பண்டிகையில் ஞானமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்தோம். பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தால் குடித்துவிட்டுக் குப்புறக் கிடக்கிறார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவருக்காகவா ஊரெல்லாம் சாட்சி சொன்னேன் என்று வெட்கமாகிவிட்டது. வீட்டில் படுத்திருந்த என் வீட்டுக்காரரோ கேள்விப்பட்டதும் ஆட்டோ பிடிக்கச் சொல்லி, கட்டுப் போட்ட காலோடு அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். நானும் போனேன். அன்றைக்கு இவர் பிரசங்கம் செய்யவில்லை. ஞானமுத்து எழுந்து உட்காரும் வரைக்கும் காத்திருந்து, "எனக்குக் கோவம், உனக்குக் குடி. சானலுக்குள்ள ரெண்டு பேரும் ஒரே கயித்துலதான் ஏறி வந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போவோமா? நான் கூட வாறேன்" என்றார். ஞானமுத்து அவர் கட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அதிலிருந்து குடியை நிறுத்த உதவுகிற ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்தே போகிறார்கள். கிறிஸ்மஸ் சமயத்தில் ஞானமுத்து மறுபடியும் ஒரு தடவை குடியில் விழுந்தார். உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் பிறகு தொடவில்லை. இனி தொடவே மாட்டார் என்று நான் எழுத மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். "இன்னைக்குக் குடிக்கல, அக்கா" என்பார். அந்த 'இன்னைக்கு'க்காக எங்கள் வீட்டில் தினமும் ஜெபம் உண்டு.

ஓய்வுநாள் பள்ளியில் நான் கதை சொல்கிற விதமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் நோவா பேழை செய்தார் என்பதோடு நிறுத்துவேன், பிறகு குடித்துக் கிடந்ததைச் சொல்ல மாட்டேன். பேதுரு மறுதலித்ததை ஓட்டமாக ஓட்டிவிடுவேன். தாவீது என்றால் கவணும் கல்லும்தான். பரிசுத்தவான்களுக்கு நானே இஸ்திரி போட்டு நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது எல்லாவற்றையும் சொல்கிறேன். சேவல் கூவினதும் பேதுரு வெளியே போய் அழுததைச் சொல்லும்போது, மழையில் கோயில் கதவையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரு முகம் எனக்கு ஞாபகம் வரும். ஆண்டவர் அழைத்தவர்களில் ஒருவராவது கறை இல்லாத ஆளா? இருந்தும் அவர்களை வைத்துத்தான் வேலை செய்தார். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றாக வெளுத்த பிறகும் முதல் மணி அடிக்கவில்லை. எனக்கு நெஞ்சு திக்கென்றது. முன்பென்றால் என் வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளேயே ஒரு பிரசங்கம் வைத்திருப்பார். அன்றைக்குக் கம்பை எடுத்து ஊன்றிக்கொண்டு, சட்டைகூடப் போடாமல் துண்டோடு கிளம்பினார். "எங்க?" என்று கேட்டேன். "அவன் விழுந்து கெடந்தா தூக்க ஆள் வேண்டாமா?" என்றார். அவர் கேட்டைத் திறக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. நீள மணி. மகளுக்குக் காய்ச்சலாம், அதுதான் தாமதம். இவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு மணி ஓய்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு காரியம் கழுத்து வரைக்கும் ஏறி நிற்கலாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருக்கலாம். கையை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே அவர் யாரையோ எழுப்பிவிட்டிருப்பார். வருகிறவர் நீங்கள் நினைக்கிற ஆளாக இருக்க மாட்டார், அவர் மேல் வாடைகூட அடிக்கலாம். அவர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரை ஏறின பிறகு அவரை விட்டுவிடாதீர்கள்.

அன்றைக்கு மணி தப்பாகத்தான் அடித்தது. என் வீட்டுக்காரர் இதோ முற்றத்தில் உட்கார்ந்து ஞானமுத்துவோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறார். சீனி கூடிவிட்டதாம், என்னைக் குறை சொல்கிறார். ஆண்டவருக்கே ஸ்தோத்திரம்.